'ஹோம்' என்பது எந்த வீடு?
(பேகம் ரொக்கேயாவின் கட்டுரையொன்றை முன்வைத்து)

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தொழில் நிமித்தம் நான்கு வருடங்கள் சவூதியின் தம்மாம் நகரில் இருந்தேன். ஓர் அறையில் ஐந்து பேர். என்னோடு சேர்த்து மூவர் இலங்கையர், ஒருவர் கேரளத்தவர், மற்றவர் பங்களாதேஷின் நோவாகாலிப் பகுதியைச் சேர்ந்த நடுத்தர வயதுக்காரர். இஷாத் தொழுகை முடிந்து சாப்பாடும் ஆன பிறகு அந்த வங்காளி நண்பர் ஓர் ஆங்கிலக் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு சொற்களை மனனம் செய்வார். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் வங்காளப் பொருள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். அந்தக் கையேட்டின் கணக்கில் 'ஹோம்' என்றால் 'பாரி'.

ஒருநாள் லீவு விண்ணப்பப் படிவத்தோடு என்னிடம் வந்தார். 'ஹோம் அட்ரஸ்' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. மனைவி மக்கள் டாக்காவில் வாடகைக்கு இருந்தார்கள். அது 'பாசா'. தாய் தகப்பனின் கபுறுகள் இருக்கிற நோவாகாலிக் கிராமம் 'பாரி'. விமானம் விட்டிறங்கிப் போகப்போவது பாசாவுக்கு. கையேட்டின்படி எழுத வேண்டியது பாரியை. அவரது நாட்டுப் படிவங்களில் நிலையான முகவரி, தற்போதைய முகவரி என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். ஆளுக்கு இரண்டு இருப்பிடம் உண்டு என்பதை அந்தக் கடதாசியே ஒத்துக்கொள்ளும். ஆங்கிலப் படிவம் ஒரே கட்டத்தைத் தந்துவிட்டு அவரைப் பொய் சொல்லவைத்தது. எதை எழுதினாலும் பாதி பொய்.

"உங்கட பாரி எங்கே?" என்று என்னைக் கேட்டார். நான் பிறந்த வீடு இப்போது என் தங்கச்சியுடையது, நான் இருப்பது மனைவியின் வீட்டில், எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும் என்று விளக்கினேன். அவர் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தார். "கர்ஜாமாய்!" என்றார். மாமனார் வீட்டில் போய்க் குந்திக்கொண்ட மருமகனுக்கு வங்காளத்தில் அதுதான் பெயர். அங்கே அவன் ஒரு கேலிப் பாத்திரம். எங்கள் ஊரில் நாங்கள் எல்லாருமே கர்ஜாமாய்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

அந்தச் சிரிப்பு எனக்கு விளங்க இருபது வருடங்களுக்கு மேலாயிற்று. ரொக்கேயா சகாவத் ஹுசைனின் 'கிருஹ' என்ற வங்காளக் கட்டுரையைத் தமிழாக்கலாம் என்று அண்மையில் உட்கார்ந்தேன். வங்காளம் எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுதான். ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முடிச்சு விழுந்த இடங்களில் அந்தப் பழைய அறைத் தோழரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். முதல் முடிச்சு தலைப்பிலேயே விழுந்தது. அதை அவிழ்க்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

வங்காளத்தில் வீட்டுக்குச் சொற்பஞ்சம் இல்லை. 'கர்' என்பது கூரைக்குக் கீழுள்ள இடம். ஓர் அறையும் கர்தான், ஒற்றையறைக் குடிசையும் கர்தான். சட்டையில் பொத்தான் நுழைகிற துளை, சதுரங்கப் பலகையின் கட்டம் எல்லாமே கர். ஒருத்தி ஒருவனோடு குடும்பம் நடத்தினால் 'கர் செய்கிறாள்' என்பார்கள். மணம் முறிந்தால் கர் உடைந்துவிட்டது. 'பாரி' இதைவிட அகலமானது. முற்றம், குளம், மரங்கள், பெரியப்பா சித்தப்பா பகுதிகள் என வளவு முழுவதும் அதற்குள் வரும். பாரி எங்கே என்று ஒரு வங்காளி கேட்டால் இன்றிரவு எங்கே படுப்பீர் என்று அவர் கேட்கவில்லை, பூர்வீகம் எது என்று கேட்கிறார். (தடியால் போடுகிற அடிக்கும் அங்கே இதே ஒலியில் ஒரு சொல் உண்டாம். நம் காதுக்கோ பறம்புமலை வள்ளல் வந்து நிற்கிறார்.) 'பாசா' தற்காலிக இருப்பிடம். பறவையின் கூடும் அதுவே. கல்கத்தாவில் பாரி என்ற சொல்லே இரண்டுக்கும் பொதுவாக வழங்க, டாக்காவில் பாரி, பாசா வேறுபாடு இன்றும் கறாராகவே இருக்கிறது. 'கிருஹ' சமஸ்கிருதத்திலிருந்து வந்த எழுத்து வழக்கு. இவற்றுக்கெல்லாம் மேலே 'தேஷ்'. நாடும் அது, சொந்தக் கிராமமும் அது. தேஷுக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் கடவுச்சீட்டு எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை, அடுத்த மாவட்டத்துக்குப் போகிறவராகவும் இருக்கலாம்.

ஆங்கிலம் கற்கிற வங்காளிக்கு இந்த ஐந்து சொற்களுக்கும் எதிரில் ஒரே ஒரு 'ஹோம்' வந்து நிற்கிறது. ஆனால் அது தனியே வருவதில்லை. பக்கத்தில் 'ஹவுஸ்' என்றொன்றை இழுத்துக்கொண்டு வருகிறது. ஹவுஸ் கல்லும் மண்ணும், ஹோம் அன்பும் பாசமும் என்று ஆசிரியர் ஒரு வரியில் முடித்துவிடுவார். பிறகு மாணவன் பத்திரிகையைத் திறந்தால் ஹோம் மினிஸ்டர் இருக்கிறார். அங்கே அன்பும் பாசமும் எங்கே? அது பொலிஸ் அமைச்சு. வங்காளத்தில் அவருக்கு 'சுவராஷ்ட்ர மந்திரி' என்று பெயர். ஒரு விடயத்தில் கைதேர்ந்தவரைக் குறித்து அவர் அதில் 'அட் ஹோம்' என்றால் அவர் வீட்டில் இருக்கிறார் என்று பொருளில்லை. ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லப்படும் கசப்பான உண்மைக்கும் ஹோம் ஒட்டிக்கொள்கிறது.

இலக்கணத்திலும் இந்தச் சொல்லுக்குத் தனிச் சலுகை. பாடசாலைக்கும் சந்தைக்கும் போக 'டு' வேண்டும், ஹோமுக்குப் போக வேண்டாம். வங்காள மாணவர்கள் இந்த இடத்தில் 'டு' போட்டு அடி வாங்குவது வழமை. இதில் வேடிக்கை என்னவென்றால் அவர்களது தாய்மொழியிலும் இதே சலுகை இருக்கிறது. சந்தைக்குப் போக உருபு சேர்ப்பவர்கள் 'பாரி போகிறேன்' என்று உருபில்லாமல்தான் சொல்கிறார்கள். நாங்களும் 'ஊட்ட போறன்' என்று வேற்றுமையைத் தின்றுவிட்டுத்தானே போகிறோம். வாயில் சரியாக இருந்த ஒன்றை ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற கையேடு பிடுங்கிக்கொண்டு, அதே விதியைக் கடினமான புதுப் பாடமாகத் திருப்பிக் கொடுக்கிறது. மொழி கற்பித்தல் என்ற பெயரில் நடக்கிற பல காரியங்கள் இப்படித்தான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 'ஹோம்' என்ற ஆங்கிலச் சொல் அப்படியே வங்காளத்துக்குள் குடிபுகுந்துவிட்டது. புகுந்த இடத்தில் அதற்குக் கிடைத்த பொருள்: அநாதைப் பிள்ளைகளையும் ஆதரவற்ற பெண்களையும் வைத்துப் பராமரிக்கிற காப்பகம். ஒரு பெண் 'ஹோமில்' இருக்கிறாள் என்று கல்கத்தாப் பத்திரிகை எழுதினால் அவளுக்கு வீடு இல்லை என்று பொருள். நம் ஊரிலும் முதியோர் இல்லத்தை எல்டர்ஸ் ஹோம் என்றுதானே சொல்கிறோம். ஆங்கிலத்தின் மிக இதமான சொல் என்று சொல்லப்படுவது எங்கள் மொழிகளுக்குள் வரும்போது இடம் இழந்தவர்களின் முகவரியாகிவிடுகிறது.

இந்தச் சொல்லை வங்காளிகள் யாரிடம் கற்றார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேயருக்கு ஹோம் என்றால் இங்கிலாந்து. அங்கேயே பிறந்து வளர்ந்து இங்கிலாந்தைக் கண்ணால் காணாத ஆங்கிலேயப் பிள்ளைக்கும் அதுதான் ஹோம். இந்திய வருவாயிலிருந்து ஆண்டுதோறும் இலண்டனுக்குப் போன பணத்துக்கு 'ஹோம் சார்ஜஸ்' என்று பெயர். 1916இல் திலகரும் அன்னி பெசன்டும் 'ஹோம் ரூல்' என்று கழகங்கள் தொடங்கியபோது அந்தச் சொல்லைப் பறித்து அதன் முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள். ஹோம் இங்கே இருக்கிறது, உங்களுடையதல்ல என்பதுதான் அதன் சாரம்.

தாகூரும் பிள்ளைப் பராயத்தில் இந்தப் பாடத்தால் துன்பப்பட்டவர்தான். மருத்துவ மாணவரான ஒரு வீட்டு ஆசிரியர் மாலை தவறாமல் வந்து பியாரி சர்க்காரின் ஆங்கில வாசகத்தைப் படிப்பித்ததையும், மழை பெய்தாலும் அந்த மனிதர் குடையோடு வந்து சேர்ந்ததையும் தம் நினைவுகளில் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் பிள்ளைகளுக்காக அவரே ஆங்கிலப் பாடநூல்கள் எழுதினார். ஆனால் ஹோம் என்ற சொல் அவரைப் பழிவாங்கியது வேறிடத்தில்.

அவருடைய 'கரே பாஇரே' நாவல் 1916இல் நூலாக வந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கர்ரில், வெளியில்'. அண்ணன் மகன் சுரேந்திரநாத் அதை ஆங்கிலப்படுத்தினார். முதலில் 'மாடர்ன் ரிவியூ' சஞ்சிகையில் தொடராக வந்தபோது 'அட் ஹோம் அண்ட் அவுட்சைட்' என்று தலைப்பிட்டார்கள். 1919இல் மக்மில்லன் நூலாக்கியபோது 'த ஹோம் அண்ட் த வேர்ல்ட்' ஆனது. உலகம் முழுவதும் அந்தப் பெயரில்தான் நாவலை அறியும். சத்யஜித் ராய் 1984இல் எடுத்த படமும் ஆங்கிலத்தில் அதே பெயரோடுதான் போயிற்று.

எனக்கு அந்தப் பழைய தலைப்பே பிடித்திருக்கிறது. நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஜமீன்தார் நிகிலேஷின் மனைவி பிமலா அந்தப்புரத்திலிருந்து வெளிக்கட்டின் வரவேற்பறைக்கு வருகிறாள். அங்கே சுதேசிப் பேச்சாளன் சந்தீப் இருக்கிறான். அந்தப்புரத்துக்கும் வரவேற்பறைக்கும் இடையே ஒரு நடைவழிதான். 'கர்' இந்தப் பக்கம், 'பாஇர்' அந்தப் பக்கம். அந்தச் சில அடிகளைக் கடக்க அவளுக்கு எடுத்த துணிவும், கடந்ததால் வந்த கேடும்தான் கதை. 'வேர்ல்ட்' என்று போட்டவுடன் அந்த நடைவழி மறைந்துவிடுகிறது. 'ஹோம்' என்று போட்டவுடன் அந்தப்புரம் மறைந்துவிடுகிறது. பூட்டுப் போட்ட பெண்கள் பகுதி கணப்படுப்பு எரிகிற ஆங்கிலேயக் கூடமாகிவிடுகிறது. பிமலா எதிலிருந்து வெளியே வந்தாள் என்பது ஆங்கில வாசகனுக்கு ஒருபோதும் சரியாகப் பிடிபடாது. அவள் வந்தது சிறையிலிருந்தா, சுவர்க்கத்திலிருந்தா? வங்காளத்தின் 'கர்' இரண்டுக்கும் இடம் வைக்கிறது, ஹோம் வைப்பதில்லை.

வங்காள தேசியவாதமே கர், பாஹிர் என்று உலகை இரண்டாகப் பிரித்து, வெளியை ஆங்கிலேயனிடம் விட்டுக்கொடுத்து உள்ளைப் பெண்ணின் தலையில் வைத்துக் காத்தது என்று பார்த்தா சாட்டர்ஜி விரிவாக எழுதியிருக்கிறார். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டிலும் முஸ்லிம் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. 'கரே பாஇரே'யில் அந்நியத் துணியை எரிக்கும்போது வயிறெரிந்த ஏழை முஸ்லிம் வியாபாரிகளும் குடியானவர்களும் இருக்கிறார்கள். தாகூர் அவர்கள் பக்க நியாயத்தை நேர்மையாகச் சொல்கிறார். அந்தக் காலத்தில் அது சிறிய காரியமல்ல. என்றாலும் கதையைத் தன் வாயால் சொல்கிற மூவரில் முஸ்லிம் ஒருவர் இல்லை. ஒரு முஸ்லிம் அந்தப்புரத்துக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்க வேண்டுமானால் அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் முன்னால், ரொக்கேயாவிடம் போக வேண்டும்.

ரொக்கேயா 1880இல் ரங்கபூர் மாவட்டத்தின் பைராபந்தில் ஒரு ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். குர்ஆன் ஓதலாம், உருது படிக்கலாம். வங்காளமும் ஆங்கிலமும் பெண்பிள்ளைக்கு ஆகாது என்பது தகப்பனாரின் தீர்மானம். மூத்த சகோதரர் இப்ராஹீம் சாபிர், வீடு உறங்கிய பிறகு விளக்கைத் தணித்து வைத்துத் தங்கைக்கு ஆங்கிலம் படிப்பித்தார். பின்னாளில் 'பத்மராக்' நாவலை அவருக்கே சமர்ப்பித்தார் ரொக்கேயா. ஆக, ஆங்கிலம் கற்ற வங்காளிகளில் இவர் வேறு இனம். மற்றவர்கள் அதைப் பகலில் உத்தியோகத்துக்காகக் கற்றார்கள். இவர் இரவில், தன் வீட்டுக்காரர்களுக்கே தெரியாமல் கற்றார். வீட்டுக்குள் களவாகக் கற்ற மொழியில் 'வீடு' என்பதற்கான சொல்லை அவர் எப்படி வாசித்திருப்பார்!

ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற பெண்கள் சஞ்சிகையில் அச்சானது. ஆண்கள் உள்ளே அடைபட்டிருக்க, பெண்கள் நாட்டை ஆள்கிற கதை. அந்த நாட்டில் தெருவில் கூசிக் கூசி நடக்கிற சுல்தானாவைப் பார்த்து, இவள் ஆண்பிள்ளை மாதிரி இருக்கிறாள் என்கிறார்கள். அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் வெட்கமும் பயமும் உடையவள் என்பது. அகராதியைக் கவிழ்த்துக் காட்டுகிற இந்த இடம் கதையின் மற்ற அறிவியல் புதுமைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. சொல்லின் பொருள் சொல்லில் இல்லை, சாவி யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது என்று அந்த இரவுப் பள்ளி மாணவி கண்டுகொண்டார்.

அதே காலப்பகுதியில் எழுதி 'மொதிசூர்' முதற்பாகத்தில் அவர் சேர்த்த கட்டுரைதான் 'கிருஹ'. உழைத்துக் களைத்தவன் திரும்பி வந்து ஆறுகிற இடம் வீடு என்று சாதாரணமாக ஆரம்பிக்கிறார். விலங்குக்கும் பறவைக்கும்கூட அது உண்டு என்கிறார். பிறகு ஆங்கிலேயரின் பிரபலமான 'ஹோம் ஸ்வீட் ஹோம்' பாட்டை நினைவூட்டி, ஆங்கிலத்தில் ஹோம் என்றால் எது விளங்குகிறதோ, உடலுக்கு ஆறுதலும் மனத்துக்கு அமைதியும் தருகிற அந்த இடத்தையே நான் கிருஹ என்கிறேன் என்று வரையறை செய்கிறார். இங்கேதான் அவர் கையேட்டுக்காரர்களுக்கு நேர்மாறான காரியம் செய்கிறார். அவர்கள் ஆங்கிலச் சொல்லுக்கு வங்காளப் பொருள் தேடினார்கள். இவர் ஆங்கிலச் சொல்லை அளவுகோலாக எடுத்து வங்காள வீடுகளுக்குள் நுழைந்து, அந்தப்புரம் அந்தப்புரமாக அளந்து பார்க்கிறார். அளந்து முடிந்ததும் அவர் வந்து சேருகிற இடம் பயங்கரமானது. எல்லா உயிர்களுக்கும் வீடு இருக்கிறது, எங்களுக்கு மட்டும்தான் இல்லை.

மொழியே அவருக்குச் சாட்சி. வங்காளப் பெண்ணுக்குத் தகப்பன் பாரி உண்டு, மாமனார் பாரி உண்டு, மாமா பாரி உண்டு. தன்னுடைய பாரி என்று சொல்ல ஒன்று எங்கே? பிறந்த வீடு, புகுந்த வீடு என்று தமிழ்நாட்டுக் கதைகளில் வருவதும் இதேதான்.

முஸ்லிம் வாசகர் நின்று படிக்க வேண்டிய இடம் ஒன்று இக்கட்டுரையில் இருக்கிறது. எங்கள் மார்க்கச் சட்டப்படி நாங்கள் தகப்பன் சொத்துக்கு வாரிசுகள், ஆகவே 'எங்கள் வீடு' என்று சொல்லக்கூடிய ஒன்று எங்களுக்கு வந்து சேருகிறது என்று ரொக்கேயா ஒத்துக்கொள்கிறார். வந்தும் என்ன? அந்த வீட்டின் உண்மையான கர்த்தா கணவன், அவனில்லாவிட்டால் மகன், மருமகன், மைத்துனன். அவர்களும் இல்லையென்றால் கணக்குப்பிள்ளை எசமான் ஆகிவிடுகிறான் என்று எழுதுகிறார். கணக்குப்பிள்ளை என்ற அந்த ஒற்றைக் குத்தலில் முழு ஜமீன் வங்காளமும் தெரிகிறது. சட்டம் கொடுத்ததை வழக்கம் பறித்தது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. கொடுத்ததுபோலவே வைத்துக்கொண்டு பறித்தது என்கிறார்.

அவரோடு எனக்கு ஒரு பிணக்கும் உண்டு. அந்தப் பாட்டை அவர் அளவுக்கு மீறி நம்பிவிட்டார். 1823இல் இலண்டன் மேடைக்காக அதை எழுதிய ஜோன் ஹொவார்ட் பெய்ன் என்ற அமெரிக்கர் கடைசியில் அந்நிய மண்ணான தூனிஸில் 1852இல் இறந்தார். அது போகட்டும். அந்தப் பாட்டை வீட்டுக்கு வீடு பாடிய இங்கிலாந்தில், மணமான பெண் தன் பெயரில் தனிச்சொத்து வைத்திருக்க முழுமையான சட்டம் வந்ததே 1882இல்தான். அதாவது ரொக்கேயா பிறந்து இரண்டு வருடங்களுக்குப் பிறகு. ஹோம் என்ற சொல் தன் சொந்த நாட்டிலேயே கொடுக்காத ஒன்றை வங்காள மாணவிக்கு வாக்களித்தது. இதை வைத்து ரொக்கேயா ஆங்கிலேய மோகத்தில் எழுதினார் என்பவர்களோடு நான் சேரமாட்டேன். கடன் வாங்கிய அளவுகோல் கோணலாக இருக்கலாம், அதைக் கொண்டு அவர் அளந்த பள்ளம் உண்மையானது.

எவ்வளவு உண்மை என்பதை அவரது வாழ்வே காட்டிற்று. பாகல்பூரில் உயர் அதிகாரியாக இருந்த கணவர் 1909இல் இறந்தார். கணவரின் நினைவாக அங்கே ரொக்கேயா தொடங்கிய பெண்கள் பாடசாலை நிலைக்கவில்லை. கணவரின் முதல் தாரத்து மகளின் குடும்பத்தாரோடு எழுந்த சொத்துத் தகராறில் அவர் பாகல்பூரை விட்டே கிளம்ப நேர்ந்தது. 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு பாடசாலையை மறுபடி தொடங்கினார். வீடில்லை என்று எழுதியவர் சில வருடங்களில் வீடிழந்தார். 1924இல் வந்த 'பத்மராக்' நாவலில் அவர் கட்டியெழுப்பிய 'தாரிணி பவன்', கணவனாலும் குடும்பத்தாலும் கைவிடப்பட்ட பெண்கள், மத பேதமின்றிக் கூடி வாழ்ந்து உழைக்கிற இடம். இன்றைய வங்காளப் பத்திரிகைகள் 'ஹோம்' என்று எழுதுகிற அந்தக் காப்பகத்தின் பொருள் அங்கேயே முளைவிட்டுவிட்டது. வித்தியாசம் ஒன்றுதான்: ரொக்கேயாவின் பவனில் பெண்கள் அடைபட்டில்லை.

பெண்ணுக்கு இல்லாத வீடு பிரிவினையோடு ஆணுக்கும் இல்லாமல் போனது. அதைச் சொல்ல அமிதவ் கோஷ் 1988இல் எழுதிய 'த ஷேடோ லைன்ஸ்' என்ற ஆங்கில நாவல் ஒரு வங்காளியின் ஹோம் தடுமாற்றத்தையே கருவியாக்கிக்கொண்டது. கல்கத்தாவில் இருக்கிற பாட்டி, தான் பிறந்த டாக்காவைப் பற்றிப் பேசும்போது போவதற்கும் வருவதற்குமான சொற்களை மாற்றிச் சொல்லிவிடுகிறார். பேரன் கேலி செய்கிறான். ஓர் ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கக்கூடிய பிழை அது. ஆனால் அவருக்கு வேறெப்படிச் சொல்ல முடியும்? பாரி டாக்காவில், கர் கல்கத்தாவில், இடையில் கடவுச்சீட்டு. நாவலின் இரண்டு பாகங்களுக்கும் போதல், வீடு வருதல் என்ற பொருள்படவே பெயர்கள். பாட்டியின் பிறந்த வீட்டில் இப்போது இந்தியாவிலிருந்து ஓடிவந்த முஸ்லிம் அகதிகள் இருக்கிறார்கள். அங்கேயே கிடக்கிற கிழப் பெரியப்பாவைப் பராமரிப்பவர் ஒரு முஸ்லிம் ரிக்ஷாக்காரர். 1964 கலவரத்தில் அவரும் சேர்ந்துதான் கொல்லப்படுகிறார். மாணவனின் பிழையை நாவலாசிரியர் திருத்தாமல் விட்டதில்தான் நாவலின் வெற்றி இருக்கிறது என்பேன்.

இதே இழப்பை வங்காளத்திலேயே சொன்ன அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' நம் வாசகர்களுக்கு சு. கிருஷ்ணமூர்த்தியின் தமிழில் நன்கு பழக்கமானது. குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும்போது, காணாமற்போன பைத்தியக்காரப் பெரியப்பா திரும்பி வந்தால் அறிந்துகொள்ளட்டும் என்று சிறுவன் சோனா மரத்தில் செய்தியைச் செதுக்கிவைக்கிறான். அந்த நாவல் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வராமல் வங்காளத்திலிருந்து நேரே தமிழுக்கு வந்தது. த. நா. குமாரசாமி போன்றவர்கள் வங்காளம் கற்று மொழிபெயர்த்த பாரம்பரியம் அது. நானோ ஆங்கிலத்தின் ஹோம் வழியாக ரொக்கேயாவிடம் போகிறவன். அதனால்தான் தலைப்பில் தடுக்கி விழுந்தேன்.

'கிருஹ' என்பதை எப்படித் தமிழாக்குவது? 'வீடு' என்று போட்டால் அறம், பொருள், இன்பம் என்ற வரிசையில் கடைசியாக நிற்கிற மோட்சமும் கூடவே வந்து உட்காருகிறது. வீடு என்ற சொல்லே விடுதலையிலிருந்து வந்தது என்பார்கள். ரொக்கேயா சொல்கிற அந்தப்புரத்துக்கு அந்தப் பெயரை வைக்க மனம் வரவில்லை. 'இல்லம்' என்றால் திருமண அழைப்பிதழ் வாசனை. 'இல்' என்பது ஒருவேளை பொருந்தும். இருப்பிடமும் அது, இல்லாமையும் அது. தமிழில் வீட்டை வைத்துத்தான் பெண்ணுக்குப் பெயர்: இல்லாள், மனைவி. வங்காளத்திலும் 'கிருஹிணி'. ஆணைச் சொல்ல 'இல்லான்' என்றால் வறியவன் என்று பொருள் மாறிவிடும். பெயரில் வீடு இவ்வளவு தாராளமாக வழங்கப்பட்டவளுக்குத்தான் அது இல்லை என்று ரொக்கேயா எழுதினார். ஆனால் 'இல்' என்ற தலைப்பைப் பார்த்தால் நம் சஞ்சிகை வாசகர் அச்சுப்பிழை என்று நினைத்துவிடுவார்.

ரொக்கேயா நம் கிழக்குக் கரைக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்றும் யோசித்தேன். அவர் கேட்ட வீடு இங்கே பெண் பெயரில் இருக்கிறது. அதைக் கட்டிக்கொடுக்க வாப்பாவும் நானாவும் வெளிநாட்டில் வருடக்கணக்காக உழைக்கிறார்கள். நான் தம்மாமில் கிடந்ததும் தங்கச்சிக்கு வீடு முடிக்கத்தான். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுகிறான், அடுத்த கிழமையே 'என்ட ஊடு' என்று சொல்லத் தொடங்கிவிடுகிறான். நானும் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். பெயரளவில் எசமானி, கர்த்தா வேறு ஆள் என்று ரொக்கேயா சொன்னது எங்கள் கூடத்தில் நின்று சொன்னதுபோலவே கேட்கிறது. அதே நேரம், சண்டை முற்றினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியவன் இங்கே மாப்பிள்ளைதான். பாகல்பூரில் ரொக்கேயாவுக்கு நேர்ந்தது எங்கள் ஊரில் ஒரு கைம்பெண்ணுக்கு நேராது. வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்த வழக்கம் அதைச் சீதனச் சுமையாக்கி வாப்பாமாரின் முதுகில் ஏற்றிவிட்டது என்ற கணக்கும் இருக்கிறது. இது தனியே பேசவேண்டிய சங்கதி.

மொழிபெயர்ப்பின் முதல் வரைவை மனைவி படித்தா. கணக்குப்பிள்ளை வருகிற இடத்தில் சிரித்தா. முடித்ததும், "இவவுக்கு ஊட்டு உறுதி ஆர்ர பேர்ல இருந்திச்சாம்?" என்று கேட்டா. அதைக் கட்டுரையில் எழுதவில்லை என்றேன். "அப்ப மேல 'ஊடு' எண்டே போடுங்க. கத படிக்கிற பொண்டுகளுக்கு அதான் விளங்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனா. நோவாகாலிக்கு எடுத்து இதைச் சொன்னேன். நண்பருக்கு 'ஊடு' என்பதை விளக்கப் போய், வங்காளத்தில் எந்தச் சொல்லைச் சொல்வது என்று மறுபடியும் நின்றுவிட்டேன். அவர் தொலைபேசியில் கர், பாரி, பாசா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.